ஹட்டனில் நிறம் கலந்து தரும் ஒரு பெயின்ட் கடை

எங்கள் தோட்டத்து முன்பள்ளிக்கு நிறம் பூசும் வேலையைப் பொறுப்பேற்றபோது, ஹட்டன் நகரில் இருக்கும் இந்தக் கடைக்குப் போனேன். இயந்திரத்தில் நிறம் கலந்து தரும் வசதி இப்போது பல ஊர்களில் உண்டு. எந்த நிறத்தையும் அதன் பக்கத்தில் என்ன இருக்கும், எந்த வெளிச்சம் விழும் என்பவற்றோடு சேர்த்துப் பார்க்க வைக்கும் பொறுமையை இங்குதான் கண்டேன்.

நான் கேட்டது வெளிர் சாம்பல். நிறம் கலப்பவர் அந்தச் சாம்பல் நிற அட்டையை முதலில் வெள்ளைத் தாளின் மீதும், பிறகு கடும் பச்சைத் தாளின் மீதும் வைத்துக் காட்டினார்; பச்சையின் மேல் அதே சாம்பல் இலேசாகச் சிவந்து தெரிந்தது. பாரிஸ் நகரின் கோப்ளின் நெசவாலையில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரூல், கறுப்பு நூல் மங்கித் தெரிகிறது என்ற முறைப்பாட்டை ஆராய்ந்து, குறை சாயத்தில் இல்லை, அருகில் வைத்து நெய்யும் நிறங்களில் இருக்கிறது என்று கண்டார். அடுத்தடுத்து இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று தத்தம் எதிர்நிறத்தின் (பச்சைக்குச் சிவப்பு போல) பக்கம் தள்ளும் என்று அவர் 1839இல் விளக்கியது, சுற்றிலும் தேயிலை மலை சூழ்ந்த ஒரு கட்டடத்துக்கு அப்படியே பொருந்துகிறது. நம் பக்கத்துச் சிவப்புத் தகரக் கூரைகள் அத்தனை எடுப்பாகத் தெரிவதற்கும் காரணம் இதுதான்.

கடையின் குழல் விளக்கின் கீழ் எதையும் முடிவு செய்ய அவர்கள் விடுவதில்லை; மாதிரி அட்டையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் காட்டுகிறார்கள். தென்மேல் பருவமழை மாதங்களில் மூட்டம் கலையாத எங்கள் பகுதியில், நீலச் சாயல் உள்ள சாம்பல் அறையை மேலும் இருண்டதாகக் காட்டும் என்பதால், உட்சுவருக்கு வெளிர் மஞ்சளைத் தெரிவு செய்தோம்.

சுவரில் எழுத வேண்டிய அ, ஆ வரிசைக்கு நிறம் கலப்பவர் சொன்ன உபாயம் அருமையானது. மஞ்சள் அட்டையின் மேல் செம்மஞ்சள், கருநீலம் ஆகிய இரண்டு துண்டுகளையும் வைத்துக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தார்; படத்தில் செம்மஞ்சள் பின்னணியோடு கரைந்தது, கருநீலம் துலக்கமாக நின்றது. நிறங்கள் வேறாக இருந்தாலும் வெளிர்மை நெருங்கி இருந்தால் எழுத்தைப் பிள்ளைகளால் தூரத்திலிருந்து படிக்க முடியாது.

குறைகளும் உண்டு. நிற அட்டைப் புத்தகத்தின் சில பக்கங்கள் வெளிறிவிட்டன. அவற்றை மாற்ற வேண்டும். நீர் கலந்து பூசும் பெயின்ட் காய்ந்தபின் சற்றுக் கருமை கூடும் என்பதைக் கேட்டால்தான் சொல்கிறார்கள். சனிக்கிழமைகளில் கூட்டம் அதிகம் என்பதால், ஆறுதலாகப் பேச விரும்புவோர் வார நாளில் காலையில் போவது நல்லது. மூடியில் ஒட்டித் தரும் கலவைக் குறியீட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் போதாமல் போனால் அதே நிறத்தை மீண்டும் கலக்க அது தேவைப்படும்.