பிழையை மூடுவது யார்? பக்ஸில்லா, ஜிரா, கிட்ஹப் – ஓர் ஒப்பீடு

பில்லிங் மென்பொருள் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தோம். வாடிக்கையாளர் பெயர் 'கேசவன்'. திரையில் ஒழுங்காகத் தெரிந்தது. பிடிஎஃப் எடுத்தால் இரட்டைக் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நின்றது. டெவலப்பர் தம்பி கொம்பை முன்னால் இழுத்துப் போடும் நாலு வரி எழுதி, பிழையை 'முடிந்தது' என்று மூடிவிட்டார். மறுநாள் 'கோமதி' என்று போட்டுப் பார்த்தேன், மறுபடி கோணல். 'கோ'வில் கொம்பு ஒரு பக்கம், கால் மறு பக்கம் வர வேண்டும். குறியை மொத்தமாக முன்னால் தள்ளினாலும் சரியாகாது, பின்னால் விட்டாலும் சரியாகாது.

மென்பொருள் பிழைகளைப் பதிந்து பின்தொடர பக்ஸில்லா, ஜிரா, கிட்ஹப் ஆகியவற்றில் எந்த டூல் நல்லது என்று யாராவது கேட்டால் இந்தக் கொம்புதான் நினைவுக்கு வரும். பிழையைப் பதிய எல்லா டூலும் விடுகிறது. அதை மூடுவது யார் என்பதில்தான் மூன்றும் மூன்று வழி.

பக்ஸில்லா 1998-இல் மொஸில்லா திட்டத்துக்காகப் பிறந்தது. முகத்தைப் பார்த்தால் வயது தெரியும்; பட்டியலும் படிவமும்தான், அழகு கிடையாது. ஆனால் டெவலப்பர் 'சரிசெய்தாச்சு' என்றால் பிழை 'ரிசால்வ்டு' (தீர்ந்தது) நிலைக்குத்தான் போகும். அதற்கு மேல் 'வெரிஃபைடு' (சோதித்து உறுதியானது) என்று தனிப் படி ஒன்று இருக்கிறது. கியூஏ கான்டாக்ட் (கியூஏ என்றால் தரச் சோதனை) என்ற கட்டத்தை இயக்கி வைத்தால், எந்தப் பிழையைச் சோதிப்பது யார் பொறுப்பு என்பதும் அங்கேயே தெரியும். 'கேசவன்' வெரிஃபைடு ஆகும் முன் 'கோமதி'யைப் போட்டுப் பார்க்க ஒருவருக்கு இடம் கிடைக்கும்.

இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும். மூடும்போது காரணம் சொல்லியாக வேண்டும்: சரிசெய்தது, ஏற்கெனவே பதிவானது, சரிசெய்யப்போவதில்லை என்று. 'வொர்க்ஸ்ஃபார்மீ' என்றும் ஒரு காரணம் உண்டு. 'என் மெஷின்ல நல்லாத்தானே வருது' என்ற நம் ஊர் வசனத்துக்கு அங்கே அதிகாரபூர்வ முத்திரையே இருக்கிறது! தீவிரமும் அவசரமும் தனித்தனிக் கட்டங்கள். பெயர் கோணலாக அச்சானால் மென்பொருள் நின்றுவிடாது, ஆகவே தீவிரம் குறைவு. கடைக்காரர் அந்த பில்லை வாடிக்கையாளர் கையில் கொடுக்க முடியாது, ஆகவே அவசரம் அதிகம். இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைத்தால் சண்டைதான் மிஞ்சும்.

கோட் வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் பிழைப் பட்டியல், கிட்ஹப் இஷ்யூஸ், இதற்கு நேர் எதிர். திறந்தது, மூடியது, அவ்வளவுதான். மீதி பெரும்பாலும் நாமே ஒட்டும் லேபிள்கள். புல் ரிக்வெஸ்ட்டில், அதாவது கோட் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கையில், 'ஃபிக்ஸஸ்' என்று எழுதி இஷ்யூ எண்ணைப் போட்டால், கோட் முதன்மைக் கிளையில் (ப்ராஜெக்ட்டின் மூலப் பிரதியில்) சேர்ந்த நொடியில் இஷ்யூ தானாக மூடிக்கொள்ளும். டெவலப்பருக்கு இது சொர்க்கம். டெஸ்டருக்கு 'மூடப்பட்டது' என்று அறிவிப்பு வரும். 'சோதித்துப் பாருங்கள்' என்று வராது. நம் 'கேசவன்' நழுவியதும் இப்படித்தான். ஆனாலும் கோடும் பிழையும் ஒரே இடத்தில் இருக்கும் வசதி சாதாரணமானதல்ல. கம்பைலர் திட்டமான எல்எல்விஎம் பக்ஸில்லாவை விட்டு 2021-இலும், நிரல்மொழியான பைத்தான் தன் பழைய பிழைப் பதிவுத் தளத்தை விட்டு 2022-இலும் இங்கே குடிவந்தன. ஜிசிசி கம்பைலரும் லிப்ரேஆஃபிஸ் அலுவலக மென்பொருளும் இன்னும் பக்ஸில்லாவிலேயே இருக்கின்றன.

ஜிராவை 2002-இல் ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் வெளியிட்டது. பெயரிலேயே பக்ஸில்லாவை வம்புக்கு இழுக்கிறது: பக்ஸில்லா என்றதும் நினைவுக்கு வரும் சினிமா ராட்சத மிருகம் 'காட்ஸில்லா'வின் ஜப்பானியப் பெயர் 'கொஜிரா', அதன் முதல் எழுத்தை வெட்டினால் ஜிரா. இதில் பிழையை மூடுவது யார் என்பதை வொர்க்ஃப்ளோவை (பிழை எந்தெந்த நிலைகளைக் கடக்கும் என்ற வரிசையை) அமைப்பவர் முடிவு செய்கிறார். 'ரெடி ஃபார் கியூஏ' என்று ஒரு நிலை வைத்து, அதிலிருந்து 'டன்' (முடிந்தது) நிலைக்குத் தள்ளும் உரிமையை டெஸ்டர்களுக்கு மட்டும் கொடுக்கலாம். கொடுக்காமலும் விடலாம். தீவிரத்துக்குத் தனிக் கட்டம் தயாராக இருக்காது, நாமே சேர்க்க வேண்டும். சேர்க்க ஆரம்பித்தால் கை நிற்காது என்பதுதான் ஆபத்து. ஒரு பிழை பதிய 14 கட்டாயக் கட்டங்கள் இருந்த ப்ராஜெக்ட்டைப் பார்த்திருக்கிறேன். அங்கே பிழைகள் எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் பதிவாகின.

எக்செல் ஷீட்? இருவருக்கு மேல் போனால் வேண்டாம். எந்த ஃபைல் கடைசி என்று தேடுவதே தனி வேலையாகிவிடும்.

நாலு டெவலப்பர், ஒரு டெஸ்டர் உள்ள குழுவென்றால் நான் கிட்ஹப்பைத்தான் சொல்வேன், ஆனால் தானாக மூடும் வசதியை செட்டிங்ஸில் அணைத்துவிட்டு, 'சோதிக்க வேண்டும்' என்று ஒரு லேபிளும் வைத்துக்கொண்டு. வாடிக்கையாளர் கணக்குக் கேட்கும் பெரிய ப்ராஜெக்ட்டுக்கு ஜிரா. கட்டாயக் கட்டங்கள் ஐந்தைத் தாண்டக்கூடாது. சொந்த சர்வரில் காசில்லாமல் ஓட வேண்டும், டெஸ்டர் சொல்லுக்கு மதிப்பும் வேண்டும் என்றால், அழகைப் பார்க்காமல் பக்ஸில்லா.

நம் பிழையை அன்றே மறுபடி திறந்தேன். இப்போது 'கோமதி' சரியாக அச்சாகிறது. 'கௌரி'யை இன்னும் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.