டிசம்பர் புதிர்களுக்கு நைமா, ஆல்டெரிக்ஸா, பவர் குவரியா?

எரிக் வாஸ்ட்ல் 2015 முதல் ஆண்டுதோறும் டிசம்பரில் வெளியிட்டுவரும் அட்வென்ட் ஆஃப் கோட் நிரலாக்கப் புதிர்களில் விடையாகக் கேட்கப்படுவது பெரும்பாலும் ஒரே ஓர் எண்தான். அதை எந்த மொழியில், எந்தக் கருவியில் கண்டடைந்தோம் என்பதை யாரும் கேட்பதில்லை. 2024 வரை ஆண்டுக்கு 25 ஆக இருந்த புதிர்கள் 2025-இல் 12 ஆகக் குறைந்தன என்றாலும், முதல் பகுதியை முடித்தால்தான் இரண்டாம் பகுதி திறக்கும் என்ற அமைப்பு மாறவில்லை. இந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தி, நிரல் எழுதாமல், பெட்டிகளை இழுத்துவைத்துக் கோடுகளால் இணைக்கும் தரவுப் பணிப்பாய்வுக் கருவிகளிலேயே விடை காண முயல்பவர்களும் உண்டு. அவர்களுக்கு எளிதில் எட்டும் மூன்று கருவிகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: திறமூல மென்பொருளான நைம், கட்டண உரிமம் பெற்று விண்டோஸில் இயக்க வேண்டிய ஆல்டெரிக்ஸ் டிசைனர், எக்செலுக்குள்ளேயே இருக்கும் பவர் குவரி. நைமில் பைதான் நோடு (பெட்டிகளுக்கு அங்கே நோடு என்று பெயர்) ஒன்றை வைத்து அதற்குள் முழு நிரலையும் எழுதிவிடலாம். ஆனால் அப்படிச் செய்தால் ஒப்பிடுவதற்கே ஒன்றும் மிஞ்சாது என்பதால் அந்த வழியை விலக்கிவிடுகிறேன்.

தொடக்க நாட்களின் புதிர்களை வைத்து இக்கருவிகளைத் தரம் பிரிக்க முடியாது. 2024-இன் முதல் நாள் புதிரில் இரு நெடுவரிசை எண்கள் தரப்படுகின்றன. இரண்டையும் தனித்தனியே ஏறுவரிசையில் அடுக்கி, இணை இணையாக வித்தியாசம் கண்டு கூட்ட வேண்டும். அட்டவணைக் கருவியில் ஒரு நெடுவரிசையை அடுக்கினால் பக்கத்து நெடுவரிசையும் கூடவே நகர்ந்துவிடும் என்பதால், தரவை இரண்டு கிளைகளாகப் பிரித்து, தனித்தனியே அடுக்கி, மறுபடி சேர்ப்பதே வழி. ஆல்டெரிக்ஸின் ஜாயின் கருவி வரிசையின் இடத்தை வைத்தே சேர்க்கவல்லது. நைமில் அதே வேலையைக் காலம் அப்பெண்டர் (நெடுவரிசைகளைப் பக்கத்தில் ஒட்டும் நோடு) செய்கிறது. பவர் குவரியில் இரு பக்கமும் வரிசை எண் இட்டு இணைக்க வேண்டும். இரண்டாம் பகுதி இன்னும் சுவையானது. இடப்பக்க எண் ஒவ்வொன்றையும் அது வலப்பக்கத்தில் எத்தனை முறை வருகிறதோ அத்தனையால் பெருக்கிக் கூட்டச் சொல்கிறார்கள். ஆனால் இரு பட்டியல்களையும் எண்ணின் மதிப்பைக் கொண்டு ஜாயின் செய்தால், பொருந்தும் ஒவ்வோர் இணைக்கும் ஒரு வரிசை தானாகவே உருவாகிவிடுவதால், எண்ணவும் பெருக்கவும் தேவையின்றி அந்த நெடுவரிசையைக் கூட்டினாலே விடை வந்துவிடும். வழக்கமான நிரலில் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்று) எழுதிப் பழகியவருக்கு இது எளிதில் தோன்றாது.

முந்தைய வரிசையைப் பார்க்க வேண்டிய இடத்தில் முதல் வேறுபாடு தெரிகிறது. ஓர் அளவு முந்தையதைவிடக் கூடியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு (2021, முதல் நாள்) முந்தைய வரிசையின் மதிப்பைப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கும் நைமின் லேக் காலம் நோடு போதும். ஆனால் ஆல்டெரிக்ஸின் மல்ட்டி-ரோ ஃபார்முலா, முந்தைய வரிசைக்குத் தான் சற்றுமுன் கணக்கிட்ட மதிப்பையே அடுத்த வரிசைக்கு எடுத்துச் செல்கிறது. அதாவது, மேலிருந்து கீழாக ஒரு நிலையை (இதுவரையிலான கணக்கின் விளைவை) சுமந்து செல்லும் வேலையை ஒரே பெட்டி செய்துவிடுகிறது. நைமில் வெறும் கூட்டுத்தொகைக்கு மூவிங் அக்ரிகேட்டர் இருக்கிறது. அதைவிடச் சிக்கலான நிலை என்றால் லூப் போட வேண்டும், அல்லது ஜாவா துணுக்கை நாட வேண்டும். அதற்காக எல்லா ‘நிலை’ப் புதிர்களும் ஆல்டெரிக்ஸுக்கே சாதகம் என்று கொள்ளக் கூடாது. 2024-இன் மூன்றாம் நாளில் பெருக்கல் கட்டளைகளை இயக்கியும் நிறுத்தியும் வைக்கும் ஆணைகள் இடையிடையே வருகின்றன. அந்த ஆணைகளை மட்டும் ஒரு நெடுவரிசையில் நிறுத்தி, காலியான இடங்களை மேலுள்ள மதிப்பால் நிரப்பினால் போதும். பவர் குவரியின் ஃபில் டவுனும் நைமின் மிஸ்ஸிங் வேல்யூ நோடும் இதைச் சிரமமின்றிச் செய்கின்றன.

லூப் தேவைப்படும் இடத்தில்தான் உண்மையான தேர்வு நிகழ்கிறது. 2024-இன் பதினோராம் நாள் புதிரில் எண் பொறித்த கற்கள் ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் மாறுகின்றன: சுழியம் ஒன்றாகிறது, இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருப்பது இரண்டாக உடைகிறது, மற்றவை 2024-ஆல் பெருகுகின்றன. முதல் பகுதியில் 25 சிமிட்டல்கள். இரண்டாம் பகுதியில் 75. கல் ஒன்றுக்கு ஒரு வரிசை என்று வைத்தால் 25-இல் பிழைத்தாலும் 75-க்குள் நினைவகம் நிரம்பிவிடும். ஒரே எண் கொண்ட கற்களை ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ‘குரூப் பை’ (ஒரே மதிப்புள்ள வரிசைகளைத் தொகுக்கும் வசதி) கொண்டு ஒரு வரிசையாக்கி, எண்ணிக்கையை மட்டும் பக்கத்தில் வைத்தால், அட்டவணை சிறியதாகவே நிற்கும். இத்தகைய தொகுப்பு அட்டவணைக் கருவியின் இயல்பான வேலை என்பதால், நிரலாளர் தேடிக் கண்டுபிடிக்கும் உத்தி இங்கே கையருகிலேயே இருக்கிறது.

இந்தச் சுற்றை நைமில், ஒரு சுற்றின் வெளியீட்டையே அடுத்த சுற்றுக்கு உள்ளீடாக்கும் ரிகர்சிவ் லூப் நோடுகள் கொண்டு அதே திரையில் அமைக்கலாம்; தொடக்கமும் முடிவும் கண்ணெதிரே இருக்கும், ஓடி முடிந்தபின் ஒவ்வொரு நோடின் வெளியீட்டையும் திறந்து பார்க்கலாம். ஆல்டெரிக்ஸில் இதற்கு இட்டரேட்டிவ் மேக்ரோ என்ற தனிக் கோப்பை உருவாக்கி முதன்மைப் பணிப்பாய்வுக்குள் செருக வேண்டும். ஓட்டம் வேகமானதுதான், ஆனால் பிழை நேர்ந்தால், மேக்ரோவுக்குள் எந்தச் சுற்றில் என்ன நடந்தது என்று பார்ப்பது கடினம். மேலும், மேக்ரோவில் சுற்றுக்குச் சுற்று திரும்பிவரும் உள்ளீடு ஒன்றே ஒன்றுதான். குறுகிய பாதை தேடும் புதிரில் (2022, பன்னிரண்டாம் நாள்) அடுத்து நகர வேண்டிய இடங்கள், ஏற்கெனவே சென்ற இடங்கள் என இரண்டு அட்டவணைகளைச் சுமக்க வேண்டியிருப்பதால், இரண்டையும் ஒன்றாகக் கலந்து, அடையாள நெடுவரிசை ஒன்றால் பிரித்தறிய நேர்கிறது. நைமில் இரு உள்ளீடுகள் கொண்ட ரிகர்சிவ் லூப்பே உண்டு. பவர் குவரியில் வரையப்படும் லூப் என்று எதுவும் இல்லை, சுற்றுகளை ஓட்டும் லிஸ்ட்.ஜெனரேட் என்ற கட்டளையை அதன் ‘எம்’ (M) நிரல்மொழியில் கையால் எழுதும் இடத்திலேயே அது காட்சிக் கருவியாக இருப்பதை நிறுத்திவிடுகிறது.

ஆகவே டிசம்பர் முழுவதும் தாக்குப்பிடிக்க நினைப்பவருக்கு நைமையே பரிந்துரைப்பேன். அலுவலகத்தில் ஆல்டெரிக்ஸ் உரிமம் இருப்பவர் முதல் சில நாட்களை அதில் வேகமாகக் கடக்கலாம். ஆயிரக்கணக்கான சுற்றுகள் கேட்கும் புதிர்களில், குறிப்பாக காவலர் ஒருவர் முடிவின்றிச் சுற்றிவரும்படி எங்கெல்லாம் தடை வைக்கலாம் என்று கேட்கும் 2024-இன் ஆறாம் நாள் புதிரின் இரண்டாம் பகுதியில், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு நோடும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வதால் நைமும் தவழத் தொடங்கும். அங்கே ஒரு படியை ஒரு சுற்றாக ஓட்டும் அமைப்பைக் கைவிடுவதே நல்லது.

மூன்றிலும் எண்களின் அளவைக் கவனிக்க வேண்டும். நைமின் சாதாரண முழு எண் 32 பிட் கொண்டது. 2,147,483,647-ஐத் தாண்டும் விடைகள் இரண்டாம் பகுதிகளில் வெகு சாதாரணம் என்பதால், நெடுவரிசையை லாங் (64 பிட் முழு எண்) வகைக்கு முதலிலேயே மாற்றிவிட வேண்டும். மீன்கள் பெருகிக்கொண்டே போகும் 2021-இன் ஆறாம் நாள் புதிரில், வெறும் ஐந்து மீன்கள் கொண்ட மாதிரி உள்ளீட்டுக்கே 256 நாள் விடை 26,984,457,539. பதின்ம எண் (டபிள்) வகையில் கணக்கிட்டால் ஏறத்தாழ 9-ஐத் தொடர்ந்து 15 சுழியங்கள் வரையிலான முழு எண்கள் பிசகாமல் இருக்கும். 2024-இன் பதின்மூன்றாம் நாளில் பரிசு இருக்கும் இடத்தைக் குறிக்கும் ஆயங்களோடு 10,000,000,000,000 கூட்டப்பட்டாலும், சமன்பாடு தீர்க்கும்போது வரும் பெருக்கற்பலன்கள் அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. இருப்பினும் வகுத்துக் கிடைத்த விடையை முழு எண்ணாக்கி, மூலச் சமன்பாட்டில் திரும்ப இட்டுச் சரிபார்க்கும் ஒரு பெட்டியைச் சேர்த்துவைப்பது நல்லது.