பிஸினஸ் ஸ்டடீஸ்: பெங்களூரில் பி.யு.வா, சி.பி.எஸ்.இ.யா?

காமர்ஸ் என்று முடிவான பிள்ளையை 11, 12-ஆம் வகுப்புக்கு கர்நாடக மாநிலப் பாடத்திட்டமான பி.யு. (ப்ரீ-யுனிவர்சிட்டி) காலேஜில் சேர்ப்பதா, சி.பி.எஸ்.இ. பள்ளியிலேயே விடுவதா? பிஸினஸ் ஸ்டடீஸைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் என்.சி.இ.ஆர்.டி. பாடம்தான். எழுத்துத் தேர்வு 80, இன்டர்னல் 20 என்பதிலும் மாற்றமில்லை. கேள்வி கேட்கிற விதம்தான் வேறு.

பி.யு.வில் 8 மார்க் கேள்விதான் முதுகெலும்பு. ஆள் தேர்வின் படிகளை விளக்கச் சொன்னால் எட்டுப் படி: முதற்கட்ட வடிகட்டல், டெஸ்ட், இன்டர்வியூ, பின்னணி விசாரணை, ஆளைத் தேர்ந்தெடுக்கும் முடிவு, மருத்துவப் பரிசோதனை, வேலை அழைப்பு, ஒப்பந்தம். தலைப்பு போட்டு, அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதினால் போதும். பலர் மருத்துவப் பரிசோதனையை முடிவுக்கு முன்னால் எழுதிவிடுகிறார்கள். தேர்ந்தெடுத்த ஆளைத்தானே டாக்டரிடம் அனுப்புவார்கள்? காரணம் புரிந்தால் வரிசை மறக்காது.

சி.பி.எஸ்.இ.யில் 34 கேள்வி. அதில் 20 ஒரு மார்க். மீதியில் ஒரு சம்பவத்தைக் கொடுத்து, எந்தக் கோட்பாடு என்று கேட்பார்கள். பீன்யாவில் ஒரு தையல் யூனிட், ஒரே தொழிலாளிக்கு இரண்டு சூப்பர்வைசர் ஆளுக்கொரு உத்தரவு போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மீறப்படுவது மேலாண்மை அறிஞர் ஃபயோலின் 'யூனிட்டி ஆஃப் கமாண்ட்'. 'யூனிட்டி ஆஃப் டைரக்‌ஷன்' என்று எழுதினால் கீழே எவ்வளவு விளக்கினாலும் பயனில்லை. ஆள் ஒருவர், மேலாள் ஒருவர் என்பது முதலாவது. ஒரே நோக்கமுள்ள வேலைகளுக்கு ஒரு தலைவர், ஒரு திட்டம் என்பது இரண்டாவது. பெயரைச் சொல்லி, சம்பவத்தில் அதைக் காட்டும் வரியை எடுத்து எழுதி, பிறகுதான் விளக்கம். புத்தகத்தை மனப்பாடம் செய்த நல்ல பிள்ளைகள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

சி.ஏ. இலக்கு என்றால் இந்தப் பாடத்தைவிட, இதோடு சேர்ந்து வரும் பாடம் எது என்று பாருங்கள். 2024 ஜூன் முதல் சி.ஏ.வின் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷனில் அக்கவுண்டிங், பிஸினஸ் லா, குவான்டிடேட்டிவ் ஆப்டிட்யூட், பிஸினஸ் எகனாமிக்ஸ் என நான்கே தாள். மூன்றாவதில் 40 மார்க் ஸ்டாடிஸ்டிக்ஸ். அதனால் பி.யு.வில் எச்.இ.பி.ஏ.வைவிட (ஹிஸ்டரி, எகனாமிக்ஸ், பிஸினஸ் ஸ்டடீஸ், அக்கவுண்டன்சி) ஹிஸ்டரிக்குப் பதில் ஸ்டாடிஸ்டிக்ஸ் உள்ள எஸ்.இ.பி.ஏ. கைகொடுக்கும். சி.பி.எஸ்.இ.யில் அப்ளைட் மேத்ஸ் அந்த இடத்தை நிரப்பும். உங்கள் பள்ளியில் அது உண்டா என்று முதலில் கேளுங்கள். டெல்லி யுனிவர்சிட்டி பி.காம். என்றால் எங்கே படித்தாலும் சி.யு.இ.டி. என்ற நுழைவுத் தேர்வை எழுத வேண்டும், தப்பான விடைக்கு ஒரு மார்க் போகும்.

நிதானமாக எழுதும், மொழியில் வலுவான பிள்ளைக்கு நான் பி.யு.வையே சொல்வேன். அங்கே இரண்டு மொழித் தாள்களும் மொத்த 600 மார்க்கில் சேரும். தமிழையும் மொழிப்பாடமாக எடுக்கலாம். ஆனால் எல்லாக் காலேஜிலும் தமிழ் லெக்சரர் இல்லை. அட்மிஷன் ஃபீஸ் கட்டும் முன்பே அதை விசாரித்துவிடுங்கள்.