எச்சரிக்கை: பழைய நகைப் பட்டறை மெஷினை ஆன்லைனில் விற்கப் போகிறவர்கள் படியுங்கள். எனக்கு 38,500 ரூபாய் போச்சு

நேற்று மாலை "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது" என்று ஒரு மெசேஜ் வந்தது. கை நடுங்குகிறது, ஆனாலும் இன்றே எழுதிவிடுகிறேன். பழைய பொருட்களை வாங்கி விற்கிற ஒரு ஆப் வழியாக எனக்குப் போன தொகை 38,500 ரூபாய். ஆப்பின் பெயரை இப்போது போடவில்லை.

விற்றது என் அப்பாவின் ரோலிங் மெஷின். தங்கத்தைத் தகடாகவும் கம்பியாகவும் ஓட்டுகிற கைமெஷின், இங்கிலாந்தில் செய்தது, எடை 28 கிலோ. ரோலரில் ஒரு பாதி வழவழவென்று இருக்கும், அது தகட்டுக்கு. மறுபாதியில் சதுரக் காடிகள் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாக இருக்கும், அது கம்பிக்கு. கோவை செல்வபுரத்தில் பட்டறை இருந்தவரை அது அப்பாவின் வலது கைப் பக்கத்தை விட்டு நகர்ந்ததில்லை. பட்டறையை மூடிய பிறகு மாடிப்படிக்கு அடியில் ஒன்பது வருஷம் கிடந்து துருப்பிடித்தது.

நான்கு மாதம் உட்கார்ந்து சரி செய்தேன். கெரசினில் ஊறப்போட்டு ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினேன். ரோலர் முனையைத் தாங்குகிற, தேய்ந்த கன்மெட்டல் புஷ் இரண்டைப் புதிதாகக் கடைந்து போட்டேன். ரோலர்தான் இந்த மெஷினின் உயிர். அதில் துருப் புள்ளி ஒன்று இருந்தால் ஓட்டுகிற ஒவ்வொரு தகட்டிலும் அந்தப் புள்ளி பதியும். உப்புத்தாள் போட்டுக் கையால் தேய்க்கவும் கூடாது. சமம் கெட்டு, தகடு ஒரு பக்கம் மெலிந்து வில் மாதிரி வளைந்து வரும். அதனால் கணபதியில் ஒரு கிரைண்டிங் பட்டறையில் கொடுத்தேன். மேல்தோல் மட்டும்தான் கெட்டிப்படுத்திய இரும்பு, ஆழமாக எடுத்தால் ரோலர் வீண் என்று பக்கத்திலேயே நின்று சொல்லிச் சொல்லி எடுக்க வைத்தேன். திரும்ப மாட்டி, இரண்டு ரோலரையும் ஒட்ட வைத்துப் பின்னால் டார்ச் அடித்தால் மயிரிழை வெளிச்சம்கூட வரவில்லை. ஒரு வெள்ளித் துண்டைச் சூடு காட்டி ஆற வைத்து ஓட்டினேன். முகம் பார்க்கிற மாதிரி வந்தது. அப்பா அதை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தார். "வேலை செய்யறவன் கையில கொடு, ஷோகேஸ்ல வைக்கறவனுக்கு வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கூடுதல் விலை கேட்ட இரண்டு பேரை விட்டுவிட்டு இந்த ஆளுக்குக் கொடுத்தேன். அவன் ஆப்பில் பேசிவிட்டு அப்புறம் போனில் வந்தான். "அண்ணா, நானும் ஆசாரி வீட்டுப் பையன்தான், சின்னதா பட்டறை போடறேன்" என்றான். வெங்காரம், கம்பியச்சு, சாமணம் என்று பட்டறை வார்த்தை எல்லாம் அவன் வாயில் சரளமாக வந்தது. ரோலர் கழுத்து, அதாவது புஷ்ஷுக்குள் உட்காரும் பகுதி, எத்தனை மில்லி என்று கேட்டான். இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறானே, நல்ல வேலைக்காரன் என்று நினைத்து வெர்னியர் வைத்து அளந்து சொன்னேன். இதே மாடல், ரோலர் போன மெஷின் ஒன்று அவனிடம் ஏற்கெனவே இருந்திருக்கிறது. அதற்குத்தான் அளவு கேட்டிருக்கிறான்.

38,500 ரூபாய் ஆப்பில் கட்டினான். பொருள் போய்ச் சேர்ந்து ஏழு நாள் கழித்துத்தான் பணம் எனக்கு வரும் என்பது ஆப்பின் விதி. மூன்றாம் நாள் வீடியோ காலில் வந்தான். "துடைச்சு எண்ணெய் போடணும்ணா, ரோலரை எப்படிக் கழட்டறது?" இருபது நிமிஷம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன். மேல்தகட்டைத் தூக்குவது, பல்சக்கரத்தை இழுப்பது, புஷ் சிதையாமல் ரோலரை எடுப்பது, எல்லாம் நானேதான் சொன்னேன். "மெஷின் தங்கம்ணா" என்று சொல்லி வைத்தான்.

ஆறாம் நாள் ரிட்டர்ன் போட்டான். காரணம்: ரோலரில் துருப் புள்ளிகள், விளம்பரத்தில் சொன்னபடி இல்லை.

பெட்டி திரும்பி வந்தது. பாடி என்னுடையது, கைப்பிடி என்னுடையது, நான் போட்ட புஷ்ஷும் அப்படியே இருந்தது. உள்ளே இருந்த ரோலர் வேறு. ஒரு பித்தளைப் பட்டையை ஓட்டிப் பார்த்தேன். ஆறேகால் அங்குலத்துக்கு ஒரு தரம் அதே மூன்று புள்ளி. இரண்டு அங்குல ரோலர், அதன் சுற்றளவு அவ்வளவுதான். அப்பா வந்து ரோலர் மேல் விரலை வைத்தார். "இது நம்ம ரோலர் இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

அதற்குள் 38,500 ரூபாயும் அவனுக்குத் திரும்பிப் போய்விட்டது. மெஷின்தான் உன்னிடம் இருக்கிறதே என்று கேட்காதீர்கள். ரோலர் போன மெஷின் உக்கடத்தில் இரும்பு விலைக்குத்தான் போகும்.

ஆப்பின் சாட்டில் எழுதினால் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று வந்து சாட் மூடிக்கொள்கிறது. போன் செய்தால் வேறு துறைக்கு மாற்றுகிறேன் என்று சொல்லி லைன் துண்டாகிறது. மூன்றாவது முறை ஒருவர் படங்களைப் பார்த்தாராம். "ரோலரின் முனைகள் உங்கள் படத்தில் தெரியவில்லை, மாற்றியதாக உறுதி செய்ய முடியாது." வீடியோ காலில் கழற்றச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். "ஆப்புக்கு வெளியே பேசியதற்கு நாங்கள் பொறுப்பில்லை." அவனைக் கூப்பிட்டால், "நீங்க அனுப்பினதைத்தானே அனுப்பினேன்" என்றான். அப்புறம் நம்பரை பிளாக் செய்துவிட்டான். 2020 மின்வணிக விதிகளின்படி ஆப்பின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அலுவலருக்கு நான் எழுதிப் பதினோரு நாள் ஆகிறது. பதிலே இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறேன்.

விற்பவர்கள் என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. கழற்ற முடிகிற ஒவ்வொரு பாகத்திலும் யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரு குறி போட்டு, அதைப் படம் எடுத்து வையுங்கள். பெட்டி கட்டுவதையும், திரும்பி வந்தால் பிரிப்பதையும் வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். போனில் பேசாதீர்கள், ஆப்பிலேயே எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் ஆளை நேரில் வரச் சொல்லி, ஓட்டிக் காட்டி, பணத்தை வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

பட்டறைக்காரர்களுக்கு ஒன்று. நாலு அங்குல நீளம், இரண்டு அங்குல விட்டம், புதிதாக கிரைண்டிங் செய்த ஒரு ஜோடி ரோலரையோ, அது மாட்டிய பழைய இங்கிலாந்து மெஷினையோ யாராவது விற்க வந்தால், அடி ரோலரின் கைப்பிடிப் பக்க முனையைப் பாருங்கள். நெல்மணி அளவுக்கு ஓர் உளித்தடம் இருக்கும். அப்பா ஒருமுறை புஷ்ஷைத் தட்டிக் கழற்றும்போது பட்டது. அதைத்தான் நான் படம் எடுக்காமல் விட்டேன். பார்த்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.