விலையை எதில் வைப்பது: ஸ்ட்ரிங்கா, ஃபுளோட்டா, இன்ட்டா?

பைத்தான் மொழியில் பில் போடும் புரோகிராம் எழுதும்போதே, மதிப்பை எந்த வகையில் வைப்பது என்ற டேட்டா டைப் சிக்கல் தொடங்கிவிடும். கீபோர்டில் எதைத் தட்டினாலும் இன்புட் ஃபங்ஷன் அதை ஸ்ட்ரிங்காகத்தான், அதாவது வெறும் எழுத்துத் தொடராகத்தான் தரும். 10, 20 என்று தட்டிக் கூட்டினால் விடை 1020. எரர் எதுவும் வராது என்பதால் தவறு எளிதில் கண்ணில் படாது. சரி, இன்ட்டாக (முழு எண்ணாக) மாற்றலாம் என்றால், 12.50 என்று தட்டியதும் வேல்யூ எரர் வந்து நின்றுவிடும். உடனே பலரும் புள்ளி வைத்த எண்ணுக்கான ஃபுளோட்டுக்குத் தாவுகிறார்கள். பெரிய வில்லங்கம் அங்கேதான் இருக்கிறது.

ஃபுளோட் எண்ணை 64 பிட்டுக்குள் பைனரியில் (0, 1 மட்டுமே உள்ள எண் முறையில்) வைக்கிறது. 0.1 பைனரியில் முடிவில்லாமல் நீளும். எங்காவது நிறுத்தியே ஆக வேண்டும். அதனால்தான் 0.1 + 0.2 கேட்டால் 0.30000000000000004 வருகிறது, அது 0.3-க்குச் சமமா என்றால் ஃபால்ஸ். இன்னும் மோசம், 19.99-ஐ 100-ஆல் பெருக்கினால் 1998.9999999999998. அதை இன்ட்டில் போட்டால் புள்ளிக்குப் பின்னுள்ளதை அப்படியே வெட்டிவிடும்: 1998. ஒரு பைசா போயிற்று. ரவுண்ட் ஃபங்ஷனில் போட்டால் 1999 கிடைக்கும்.

பணத்துக்கு என் தேர்வு இன்ட்தான், ரூபாயில் அல்ல, பைசாவில். 12.50-ஐ 1250 என்று வையுங்கள். கூட்டலும் ஒப்பிடலும் துல்லியமாக இருக்கும். திரையில் காட்டும்போது மட்டும் 100-ஆல் வகுத்து ஈவையும் மீதியையும் தனித்தனியே எடுங்கள். மீதியை இரண்டு இலக்கமாகக் காட்ட மறந்தால் 1205 பைசா 12.5 என்று தெரியும், வாடிக்கையாளர் 12.50 என்று படிப்பார். பைத்தான் இன்ட்டுக்கு நினைவகம் உள்ளவரை எல்லை இல்லை. ஜாவாவில் இன்ட் 2147483647-ஐத் தாண்டாது. பைசாவில் வைத்தால் சுமார் 2.14 கோடி ரூபாயிலேயே முட்டும். அங்கே இன்னும் பெரிய முழு எண்களைத் தாங்கும் லாங் எடுங்கள்.

வரி, வட்டி என்று சதவீதம் நுழைந்தால், பைத்தானில் புள்ளி எண்ணைப் பைனரியில் அல்லாமல் பத்தின் அடிப்படையிலேயே வைக்கும் டெசிமல் டைப் வசதியானது. அது பில்ட்-இன் அல்ல, இம்போர்ட் செய்ய வேண்டும். மதிப்பை மேற்கோள் குறிக்குள் ஸ்ட்ரிங்காகக் கொடுங்கள். ஃபுளோட்டாகக் கொடுத்தால் அதன் பிழையும் சேர்ந்தே உள்ளே வரும்.

வெப்பநிலை, தூரம், சராசரிக்கு ஃபுளோட் போதும். போன் நம்பர் எப்போதும் ஸ்ட்ரிங்: 077 என்று தொடங்கும் இலங்கை எண்ணை இன்ட்டாக்கினால் முதல் பூஜ்யம் போய்விடும்.