இற்றுப்போன படகுப் பலகைக்கு வெஸ்ட் சிஸ்டம் 105 எபாக்சி: வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் இற்றுப்போன மரத்துக்கு மருந்து என்று நினைத்து வாங்கினால் காசு வீண். வெஸ்ட் சிஸ்டம் 105 ஒரு நல்ல பசை, நல்ல பூச்சு, அவ்வளவுதான். மக்கின பலகையில் ஓட்டை போட்டு ஊற்றினால் ஓட்டையைச் சுற்றி மட்டும் இறுகும். சுற்றியுள்ள ஈரம் அப்படியே இருக்கும், பூஞ்சை உள்ளே வேலையைத் தொடரும். சுலபமாக ஊறட்டும் என்று தின்னர் கலப்பவர்களும் உண்டு. 5 சதவீதம் கலந்தாலே அழுத்தம் தாங்கும் வலிமை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள்.

இந்த எபாக்சியின் அருமை தெரிவது பைபர் படகில் எஞ்சின் மாட்டும் பின்பலகையில்தான். வெளியே பைபர், உள்ளே பிளைவுட். எஞ்சின் போல்ட் ஓட்டை, தண்ணீர் வடியும் அடைப்பான் ஓட்டை, பலகையின் மேல்விளிம்பு ஆகிய மூன்று இடங்களில்தான் நீர் உள்ளே இறங்கும். கடல்நீரைவிட மழைநீர்தான் மரத்துக்கு எமன். உப்பு பூஞ்சையை ஓரளவு அடக்கி வைக்கும், நல்ல தண்ணீர் அதை வளர்க்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் ‘டக்’ என்று கேட்கும், இற்ற இடம் ‘தொப்’ என்று அடங்கும். சந்தேகம் தீராவிட்டால் உள்பக்கம் 3 எம்.எம். டிரில் போட்டுப் பாருங்கள். வெளிறிய உலர்ந்த தூள் வந்தால் பிழைத்தது. கறுத்து நசநசவென்று வந்தால் பலகையை மாற்றியே ஆக வேண்டும்.

105 என்பது ரெசின் மட்டும், அதாவது மூலப் பசை. அதை இறுக வைக்கும் ஹார்டனரைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். 205 வேகமானது, 206 மெதுவானது, 209 மிக மெதுவானது. 22 டிகிரியில் 100 கிராம் கலவை 206-இல் 20 முதல் 25 நிமிடம், 209-இல் 40 முதல் 50 நிமிடம் கப்பில் தாங்கும். வெயில் 10 டிகிரி ஏறினால் இந்த நேரம் பாதியாகும். நம் கரையோர வெயிலில் 205-ஐத் தொடவே வேண்டாம், கலக்கி முடிப்பதற்குள் கப் புகையும். 206-ஐ மாலை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். பெரிய பலகை ஒட்ட 209 தான் சரி. எதுவானாலும் கலந்தவுடன் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்புங்கள், சூடு அடங்கும்.

கலக்கும் விகிதம், ரெசினுக்கு ஹார்டனர்: 205, 206 இரண்டுக்கும் ஐந்துக்கு ஒன்று. 209-க்கு மூன்றுக்கு ஒன்று. இது கன அளவு. தராசு வைத்துக் கலந்தால் 209-க்கு ஏறத்தாழ மூன்றரைக்கு ஒன்று. கம்பெனி பம்ப் வாங்கினால் ரெசின் ஓர் அழுத்து, ஹார்டனர் ஓர் அழுத்து. விகிதம் பம்புக்குள்ளேயே இருக்கிறது. டப்பாவில் 5:1 என்று பார்த்துவிட்டு ஐந்து அழுத்து அழுத்தினால் அந்தக் கலவை என்றைக்கும் இறுகாது. 209-க்கு ஹார்டனர் பம்ப் வேறு. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க டப்பா மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம்.

பின்பலகை நாலடி அகலம், ஒன்றரை அடி உயரம், 18 எம்.எம். பிளை இரண்டு அடுக்கு என்று வைத்தால், மூன்று பூச்சு, இரண்டு ஒட்டு, மூலைப்பூச்சு எல்லாம் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு கிலோ கலவை செலவாகும். சின்ன ‘ஏ’ டப்பா ஒரு செட் போதாது, இரண்டு வாங்குங்கள்.

பிளைவுட் ஐ.எஸ். 710 என்ற மெரைன் தர முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். ‘மெரைன்’ என்று சொல்லி, சாதாரண உபயோகத்துக்கான ஐ.எஸ். 303-ஐக் கையில் கொடுக்கும் கடைகள் உண்டு. வெட்டிய விளிம்பில் இடைவெளி தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மரத்தின் ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை பொறுமை வேண்டும். மீட்டர் இல்லையென்றால், மரத்தின் மேல் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டி இரவு முழுக்க விடுங்கள். உள்ளே வியர்த்தால் இன்னும் காயவில்லை.

உள்பக்க பைபரை ஓரத்தில் மூன்று அங்குலம் விட்டு கிரைண்டரால் வெட்டி, இற்ற மரத்தைச் சுரண்டி எடுங்கள். வெளி பைபர் அச்சாக நிற்கும். புதுப் பலகையின் விளிம்புகள் குடிக்கக் குடிக்க வெறும் எபாக்சி கொடுங்கள், நீரைப் பெரும்பாலும் இழுப்பது அந்த வெட்டுமுகம்தான். பூச்சை உச்சி வெயிலில் அல்ல, மரம் சூடாறத் தொடங்கும் மாலையில் பூச வேண்டும். காலையில் பூசினால் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழி குமிழியாக வரும். ஒட்டுவதற்கு எபாக்சியில் 403, 406 என்ற கெட்டியாக்கும் பொடிகளைக் கலந்து கெட்டித் தயிர் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். கிளாம்பை முறுக்கித் தள்ளாதீர்கள். ஓரத்தில் லேசாகப் பிதுங்கினால் போதும். அதிகம் அழுத்தினால் பசை முழுதும் வெளியேறி இணைப்பு வெறும் பலகையாகிவிடும்.

206 இறுகியதும் மேலே மெழுகு போல ஒரு பிசுக்கு படியும். தின்னர் தேய்த்தால் அது பரவத்தான் செய்யும். தண்ணீரும் பச்சைத் தேய்ப்பானும் போதும். அதற்குப் பிறகே 80 நம்பர் உப்புத்தாள். பூச்சு இன்னும் பசையாக இருக்கும்போதே அடுத்ததைக் கொடுத்தால் இந்த வேலையே வராது.

மேலே பைபர் துணி போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் பாய் மாதிரியான மேட் எபாக்சிக்குச் சரிப்படாது. அதன் நூல்களைக் கட்டியிருக்கும் பசை பாலியெஸ்டரில்தான் கரையும். நெய்த துணியே வாங்குங்கள்.

போல்ட் ஓட்டையைச் சரியாக அடைப்பதுதான் பலகை மறுபடி இற்றுப்போகாமல் காப்பது. 12 எம்.எம். போல்டுக்கு 18 எம்.எம். ஓட்டை போட்டு, 404 என்ற கெட்டியாக்கும் பொடி கலந்த எபாக்சியால் இரண்டு மூன்று தவணையாக நிரப்புங்கள். ஒரே மூச்சில் ஊற்றினால் கொதித்து வெடிப்பு விடும். இறுகியபின் நடுவில் 12 எம்.எம். துளை. போல்ட் இனி மரத்தைத் தொடாது. முடிவில் பாலியூரித்தேன் சீலன்ட், கட்டாயமாக பெயின்ட். எபாக்சி வெயிலில் சுண்ணாம்பாகிவிடும்.

நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தோலில் ஒவ்வாமை வந்தால் பிறகு இந்தப் பொருள் பக்கமே போக முடியாது. அரைகுறையாக இறுகியதைத் தேய்க்கும் தூளும் அவ்வளவு கெடுதல்.

விலை பாலியெஸ்டர் ரெசினைவிடக் கணிசமாக அதிகம். பாலியெஸ்டர் இறுகும்போது சுமார் 7 சதவீதம் சுருங்கும், மரத்தை இறுகப் பிடிக்காது. பலகை வேலையில் அந்த வித்தியாசத்துக்குக் கொடுக்கலாம். பைபர் ஓட்டில் மட்டும் விரிசல், மரம் நல்லபடியாக இருக்கிறது என்றால் பாலியெஸ்டரே போதும்.