மழை பெய்தால் நொண்டும் கார்: பினாங்கில் ஒரு பட்டறை அனுபவம்

பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தைவிட்டு வெளியே வந்தபோது இரவு மணி பத்து. மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அப்பா தமது வெள்ளை ஈஸ்வாரா காரின் இன்ஜினை அணைக்காமல் விட்டுவிட்டு என் பெட்டியை வாங்க வந்தார். பின்கதவைத் திறக்கக் கை வைத்தேன். குளிர்காய்ச்சல்காரனின் தோளைத் தொட்டதுபோல் கார் வெடவெடத்தது.

"மழை நாளில் கொஞ்சம் நடுங்கும். போகப் போகச் சரியாகிவிடும்" என்றார் அப்பா.

குளுகோர் வீடு வரைக்கும் சரியாகவில்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் கண்ணாடியில் தொங்கிய முருகன் படம் ஆடியது. பச்சை விழுந்து எண்ணெயை அழுத்தினால் (முடுக்கியை மிதிப்பதை இங்கே அப்படித்தான் சொல்வோம்) முன்பக்கத்திலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம் வந்து, அதற்குப் பிறகுதான் வண்டி நகர்ந்தது.

காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலேசியாவின் முதல் சொந்தக் காரான புரோட்டோன் சாகா 1985இல் வந்தது. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அப்பாவின் தலைமுறைக்கு அந்த இரண்டும் ஒரே பெருமையின் இரண்டு பாதிகள். ஈஸ்வாரா அந்த சாகாவின் தம்பி. எங்களுடையது 1996இல் வாங்கியது. 1.3 லிட்டர் இன்ஜின், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர், ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறை வைத்து மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும், மூடியும் சுழலியும் கொண்ட பழைய டிஸ்டிரிபியூட்டர். தங்கை விற்றுவிடச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். தண்ணீர்மலைக் கோவிலுக்கு கிராப் வாடகைக் கார் பிடித்துப் போவதை அப்பா அவமானமாக நினைக்கிறார். மெல்பர்னிலிருந்து மூன்று வாரத்துக்கு வந்த எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

முதலில் போன இடத்தின் பெயர் வேண்டாம். நெடுஞ்சாலை ஓரம், குளிர்சாதன அறை, காப்பி இயந்திரம், சீருடை. நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. காரும் நல்ல பிள்ளையாக ஓடியது. எப்போது நடுங்குகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான்கு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழுவினார்கள், 380 வெள்ளி (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் விடியற்காலை மழை. வாசலைத் தாண்டுவதற்குள் 'டப்'. திரும்பப் போனேன். பழைய கார், கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்க வழியில்லை, இன்ஜினைப் பிரித்துச் செய்ய வேண்டும், இல்லையென்றால் ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டிய பழைய கார்களோடு வரும் ஹாஃப் கட் இன்ஜின் ஒன்றைப் போட்டுவிடலாம் என்றார்கள். சொன்ன தொகைக்கு இன்னொரு பழைய ஈஸ்வாராவே கிடைக்கும். அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. கருவி சொல்லாததைத் தாங்களாகத் தேடிப் பார்க்கும் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

பாகான் டாலாமில் இருக்கும் அத்தை மகன்தான் ஜெலுத்தோங்கில் ஒரு பொமெனைச் சொன்னான். மெக்கானிக்கை இங்கே எல்லா இனத்தாரும் பொமென் என்றுதான் அழைப்பார்கள். குறுக்குச் சந்தில் தகரக் கூரை, பெயர்ப்பலகை இல்லை, டயர்மேல் தூங்கும் பூனை. அண்ணனுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். பதினான்கு வயதில் ஒரு சீனத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) ஸ்பேனர் கழுவ ஆரம்பித்தவராம். பானெட்டைத் திறக்கவில்லை. ஸ்டூலைத் தள்ளிப்போட்டு உட்காரச் சொன்னார்.

"காலையிலா, மாலையிலா? மழை பெய்யும்போதா, நின்ற பிறகா? சூடானதும் சரியாகிறதா?"

சொன்னேன். "சத்தம் புகைக்குழாயிலா, கார்புரேட்டரிலா?"

முன்னால் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, "வண்டி இன்றிரவு இங்கே வெளியில் நிற்கட்டும், தம்பி. காலை ஏழு மணிக்கு வாருங்கள்" என்றார்.

மறுநாள் காலை நான் கண்டதை முழுவதும் எழுதவேண்டும். கார் பனியில் நனைந்து நின்றது. ஸ்டார்ட் செய்ததும் நடுக்கம். தடித்த ரப்பர் கையுறையோடு பிளக் கேபிள்களை ஒவ்வொன்றாக உருவினார். ஒன்றாம் சிலிண்டரின் கேபிளை உருவியபோது இன்ஜின் தடுமாறி அணையப் பார்த்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றை உருவியபோது ஒரு மாற்றமும் இல்லை. "உழைக்கிறவனை எடுத்தால்தான் வீடு தள்ளாடும். இவன் ஏற்கெனவே சும்மா இருக்கிறான்." நான்கை உருவியபோது லேசாகத்தான் தடுமாறியது. அங்கே அவர் சற்று நேரம் யோசித்தார்.

பிளக்குகளைக் கழற்றிப் பழைய நாளிதழின்மேல் வரிசையாக வைத்தார். முதல் இரண்டும் பிஸ்கட் நிறம். மூன்றாவது கறுத்து, பெட்ரோலில் நனைந்திருந்தது. பெட்ரோல் வருகிறது, நெருப்பு வரவில்லை என்று அதற்கு அர்த்தம். இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போட்டார். குறை பிளக்கோடு போகவில்லை, மூன்றிலேயே தங்கிவிட்டது. அடுத்து அழுத்தமானியைத் திருகி வைத்து என்னைச் சாவி திருப்பச் சொன்னார். நான்கு சிலிண்டரும் ஏறத்தாழ 160 பி.எஸ்.ஐ. காட்டின. "இந்த இன்ஜினையா பிரிக்கச் சொன்னார்கள்?" என்று கேட்டார். அதற்குமேல் அந்தக் கடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேபிள்களின் மின்தடையையும் மீட்டரில் பார்த்தார். நான்கும் சரி.

பிறகு பட்டறைக்குள் காரைத் தள்ளி, ஷட்டரை இறக்கி இருட்டாக்கினார். இன்ஜின் ஓட, துணி இஸ்திரி போடத் தண்ணீர் தெளிக்கும் புட்டியால் டிஸ்டிரிபியூட்டர் மூடிமேல் மெல்லத் தூவினார். நீலமாய் ஒரு நூல் மூடியின்மேல் நெளிந்தது. இன்ஜின் இருமியது. 'டப்'.

மூடியைக் கழற்றி உள்பக்கத்தை டார்ச் வெளிச்சத்தில் காட்டினார். மூன்றாம் முனையிலிருந்து நான்காம் முனைக்குப் பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு, தலைமுடியைவிடச் சற்றே தடிமன். வெளியிலும் ஒரு விரிசல். கருகிய அந்தக் கரிக்கோடே மின்சாரத்துக்குப் பாதையாகிவிட்டது. ஈரம் பட்டால் பாதை இன்னும் எளிது, வெயிலில் காய்ந்தால் அடைத்துக்கொள்ளும். இந்த இன்ஜினில் நெருப்பு விழும் வரிசை 1-3-4-2. மூன்றுக்குப் போகவேண்டிய பொறி, அடுத்து நிற்கும் நான்கில் குதிக்கிறது. நான்கோ அப்போதுதான் பெட்ரோலும் காற்றும் குடித்து முடிக்கும் தறுவாயில் இருக்கிறது, உறிஞ்சு வால்வு இன்னும் முழுதாக மூடவில்லை. அங்கே பற்றிய நெருப்பு வந்த வழியே கார்புரேட்டருக்குத் திரும்பி ஓடுகிறது. 'டப்'புக்குக் காரணம் அதுதான். மூன்று செத்துக் கிடந்ததும் நான்கு சோர்ந்து கிடந்ததும் ஒரே கோட்டின் வேலை.

உதிரிபாகக் கடைக்கு என்னையே அனுப்பினார். கடைக்காரர் கேட்ட ஒரே கேள்வி, "ஒரியா, தைவானா?" ஒரிஜினலே வாங்கினேன். மூடியும் சுழலியும் சேர்த்து 70 வெள்ளி. மாட்டுவதற்குப் பத்து நிமிடம். மறுபடியும் தண்ணீர் தூவினார். இருட்டு இருட்டாகவே இருந்தது.

கூலி 30 வெள்ளி என்றார். இரண்டு நாள் காலைப் பொழுதை இதற்காகச் செலவழித்தவர். மெல்பர்னில் கோளாறைப் பார்ப்பதற்கே தனிக் கட்டணம் உண்டு, அதைக் கொடுக்க நான் தயங்கியதும் இல்லை. "பார்த்ததற்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், அண்ணே" என்று 100 வெள்ளியை நீட்டினேன். "பார்க்காமல் எப்படிச் செய்வது?" என்று மீதி 70ஐச் சட்டைப் பையில் திணித்துவிட்டார். இது எனக்கு மகிழ்ச்சியாக இல்லை, உண்மையைச் சொன்னால் சங்கடமாக இருந்தது. மாற்றிய பொருளுக்கு 380 வாங்குகிறவன் குளிர்சாதன அறை கட்டுகிறான். கண்டுபிடிக்கிறவர் தகரக் கூரையிலேயே இருக்கிறார். அவரிடம் வேலை பழக இப்போது பையன் யாரும் இல்லை.

மாலையில் அப்பா காரை எடுக்க வந்தார். முன்பு மாற்றிய நான்கு பழைய பிளக்குகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பின்பெட்டியில் வைத்திருந்தார். பொமென் அவற்றைத் திருப்பிப் பார்த்து, "இவையும் நன்றாகத்தான் இருக்கின்றன" என்றார். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பழைய மூடியைக் கேட்டார், ஆத்திர அவசரத்துக்கு உதவுமாம்.

அண்ணன் மூடியைத் தரையில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, துண்டுகளை அவர் கையில் கொடுத்தார்.